ஊர் ஊராக அலைந்த நுரையீரல்... ‘ட்ரெஷர் ஐலண்ட்’ ஸ்டீவன்சன் கடைசியில் ஒரு தீவைத் தேர்ந்தெடுத்த கதை!

ஸ்கூலில் நான்-டீடெய்ல் பாடமாக ‘ட்ரெஷர் ஐலண்ட்’ படிச்சிருக்கீங்களா? ஒற்றைக்கால் கடற்கொள்ளையன், அவன் தோளில் ஒரு கிளி, புதையல் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம்... ஞாபகம் வருதா? வெயிலும் கடலுமாக இருக்கும் அந்தக் கதையின் முதல் பாதி, ஸ்காட்லாந்தில் விடாமல் மழை பெய்த ஒரு கோடையில் எழுதப்பட்டது. மீதிப் பாதி சுவிட்சர்லாந்தில், கழுத்தளவு பனி விழும் ஒரு மலையூரில். அந்த ஊரில் தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருப்பார்கள். எழுதியவரும் அதில் ஒருவர்.

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் என்ற அந்த மனிதர் 44 வயது வரைதான் வாழ்ந்தார். அதில் ஏறக்குறைய 17 வருடங்கள் ஒரே கேள்வியோடு போயின. இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எந்த ஊர்ல குடியிருக்கிறது?

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எப்போதாவது வந்திருக்கலாம். வீசிங் இருக்கிறவருக்கு இந்த ஊர் தூசு ஒத்துக்கலை, மூட்டுவலிக்காரருக்கு அந்த ஊர் குளிர் ஒத்துக்கலை என்று பேச்சு ஆரம்பிக்கும். ஆனால் காற்றை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்ய முடியுமா? வேலை, பணம், பிள்ளைகளின் படிப்பு, வயதான அப்பா அம்மா, கூட வரும் துணையின் உடம்பு எல்லாம் அந்தத் தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஸ்டீவன்சனின் தராசிலும் அத்தனையும் இருந்தன.

பிறந்த ஊரே எதிரி

1850 நவம்பர் 13-ம் தேதி எடின்பரோவில் பிறந்தார். கடலில் இருந்து வரும் ஈரக்காற்று, மூடுபனி, வீட்டுக்கு வீடு கரியடுப்புப் புகை. ‘புகைக்காரக் கிழவி’ என்பதுபோல அந்த ஊருக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. நுரையீரல் பலவீனமான குழந்தைக்கு இதைவிட மோசமான ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் இருமும் ஒரே பிள்ளையை, கம்மி என்று செல்லமாக அழைக்கப்பட்ட செவிலித்தாய் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலருகே நிற்பாராம். எதிர்ப்பக்கத்து வீடுகளில் அந்நேரத்திலும் விளக்கு எரியும். அங்கேயும் தன்னைப்போல ஒரு குழந்தை தூங்காமல் விடியலுக்குக் காத்திருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோரும் கலங்கரை விளக்கம் கட்டிய என்ஜினீயர்கள். இவரும் அதையே படிக்கப்போய், முடியாமல் சட்டத்துக்கு மாறி, 1875-ல் வக்கீலாகி, அந்த வேலையையும் பெரிதாகச் செய்யவில்லை. எழுத்துதான் தொழில் என்று ஆனது. ஒரு வகையில் அது வசதி. எந்த ஊரில் படுத்திருந்தாலும் எழுதலாம், தபால் மட்டும் போய்வந்தால் போதும். இந்தத் தபாலைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, பின்னால் வேலைக்கு வரும்.

அன்றைக்கு மருந்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்ததே 1882-ல்தான். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் வர 1940-கள் ஆகிவிட்டன. நடுவில் டாக்டர்கள் எழுதிக்கொடுத்த ஒரே மருந்து, வேறு ஊர். மலைக்காற்று, கடல்காற்று, தேவதாரு மரக்காற்று என்று ஆளுக்கொரு கட்சி. நம்ம தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரும் அந்தச் சிந்தனையின் மிச்சம்தான்.

1873-ல், 23 வயதில், லண்டன் டாக்டர் ஒருவர் அவரை பிரான்ஸின் தென்கரையில் உள்ள மென்டோனுக்கு அனுப்பினார். சில மாதங்களில் தேறித் திரும்பினார். வெயில் நன்றாகவே இருந்தது. ஆனால், உடம்புக்காக ஒரு ஊருக்குப் போகிறவனுக்கு அந்த ஊரின் அழகு கண்ணில் பட்டாலும் மனசுக்குள் இறங்குவதில்லை என்பதையும் அங்கேதான் கண்டுகொண்டார். அதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார்.

உடம்பு வேண்டாம் என்றது, மனசு போ என்றது

அடுத்த பெரிய இடமாற்றத்தை எந்த டாக்டரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள்.

1876-ல் பிரான்ஸின் ஒரு ஓவியர் கிராமத்தில் ஃபேனி ஆஸ்போர்னைச் சந்தித்தார். அமெரிக்கப் பெண், இவரைவிட 10 வயது மூத்தவர். கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு வந்திருந்தார். பிறகு அவர் கலிஃபோர்னியா திரும்பிவிட, 1879 ஆகஸ்டில் ஸ்டீவன்சன் அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கப்பல் ஏறினார். அட்லாண்டிக்கைக் கடந்து, பிறகு குடியேறிகளை ஏற்றிப்போகும் ரயிலில் மரப்பலகையில் படுத்தபடி அமெரிக்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. மான்டெரே பக்கத்து மலையில் மயங்கிக் கிடந்தவரை ஆடு மேய்க்கும் இரண்டு பேர் தூக்கிப்போய்க் காப்பாற்றினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை அறையில் தங்கி, கையில் காசு குறையக் குறையச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். 1880 வசந்தத்தில் உயிர் போகும் நிலைக்குப் போய்விட்டார். பார்த்துக்கொண்டது ஃபேனி. எடின்பரோவில் கோபமாக இருந்த அப்பா மனம் இறங்கி, வருடத்துக்கு 250 பவுண்டு தருவதாகத் தந்தி கொடுத்தார்.

1880 மே 19-ல் கல்யாணம். தேனிலவுக்குப் போன இடத்தைக் கேட்டால் சிரிப்பீங்க. நாப்பா பள்ளத்தாக்குக்கு மேலே, கைவிடப்பட்ட ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் பாழடைந்த கொட்டகை! காரணம், காலையில் கடலிலிருந்து வரும் மூடுபனி அந்த உயரத்துக்கு ஏறுவதில்லை. நுரையீரல்காரர்கள் வீடு பார்க்கும் விதமே தனி.

ஒருவருக்கு ஒத்துக்கொண்டது, இன்னொருவருக்கு இல்லை

அந்த நவம்பரிலேயே சுவிட்சர்லாந்தின் டாவோஸ். இன்று உலகப் பொருளாதார மாநாட்டுக்காக டிவியில் பார்க்கிறோமே, அதே ஊர்தான். சுமார் 1,560 மீட்டர் உயரம், காய்ந்த குளிர்காற்று. ஐரோப்பா முழுவதிலுமிருந்தும் நுரையீரல் நோயாளிகள் அங்கே வந்து குவிந்தார்கள். இரண்டு குளிர்காலங்கள் அங்கே இருந்தார். ஃபேனியின் சின்ன மகன் லாயிடுடன் தரையில் படுத்து ஈய பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாட்டு விளையாடியதும், ‘ட்ரெஷர் ஐலண்ட்’ கதையை முடித்ததும் இங்கேதான். நுரையீரலும் நிஜமாகவே தேறியது.

அப்புறம் ஏன் கிளம்பினார்? ஃபேனிக்கு அந்த உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. இதயம் படபடக்கும், படுத்துவிடுவார். நோயாளி தேறத் தேற, பார்த்துக்கொள்கிறவர் சரிந்தார். செலவு வேறு. அதே டாவோஸில் ஆங்கில எழுத்தாளர் ஜான் ஆடிங்டன் சைமண்ட்ஸும் நுரையீரலுக்காக வந்து, அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். ஸ்டீவன்சனால் அப்படி உட்கார முடியவில்லை.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத நோயாளி ஃபேனிதான் என்பது என் எண்ணம். ஊர் தேர்வு செய்யும்போது நாம் ஒரு உடம்பைத்தான் கணக்கில் எடுக்கிறோம். வண்டி ஏறுவதோ குறைந்தது இரண்டு உடம்புகள்.

1882-ல் டாவோஸ் டாக்டர் பச்சைக்கொடி காட்டினார். தென் பிரான்ஸில் வாழலாம், ஆனால் கடலிலிருந்து 15 மைல் தள்ளி, முடிந்தால் ஊசியிலை மரக்காட்டுக்குப் பக்கத்தில். வீடு தேடிய அனுபவம் உங்களுக்கு இருந்தால் இது எப்படி முடியும் என்று தெரிந்திருக்கும். மார்செய் பக்கத்தில் முதலில் ஒரு வீடு எடுத்தார்கள். அவருக்கு மறுபடி ரத்தம், அந்தப் பகுதியில் தொற்றுநோய். விட்டுவிட்டு ஓடினார்கள். கடைசியில் அமைந்தது இயேர் என்ற ஊரில் ஒரு சின்னஞ்சிறு மரவீடு. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும்! டாக்டர் சொன்ன 15 மைல் காற்றில் பறந்தது. ஆனாலும் தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த ஒரே காலம் அதுதான் என்று பிற்பாடு நண்பருக்கு எழுதினார்.

அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுசு கம்மி. 1884-ல் பெரிய ரத்தப்போக்கு. பேசக்கூடாது, வலது கையை அசைக்கக்கூடாது என்று உடம்போடு கட்டிவைத்தார்கள். கண்ணிலும் தொற்று வந்ததால் அறையை இருட்டாக்கினார்கள். அந்த இருட்டில், இடது கையால், குழந்தைப் பாடல்கள் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் தென் பிரான்ஸில் காலரா பரவ, இயேரையும் விட்டார்கள்.

படுக்கையில் மூன்று வருடம்

அடுத்தது இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மவுத். பைன் மரங்கள், கடல், சக்கர நாற்காலிகள் எல்லாம் உள்ள நோயாளிகள் ஊர். லாயிட் படித்த பள்ளிக்கூடமும் அங்கேயே. மருமகளுக்கு அன்பளிப்பாக அப்பா ஒரு வீடு வாங்கிக்கொடுத்தார். ஸ்டீவன்சன் குடும்பம் கட்டிய ஒரு கலங்கரை விளக்கத்தின் பெயரான ‘ஸ்கெரிவோர்’ என்பதையே வீட்டுக்கும் வைத்தார்கள்.

மூன்று வருடத்தில் அவர் அந்த ஊரைப் பார்த்தது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் படுக்கை. ஆனால் 1886-ல் வெளிவந்து அவரை உலகப் புகழாக்கிய ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’, ‘கிட்னாப்டு’ இரண்டும் அந்தப் படுக்கையில் எழுதியவை. உடம்புக்கு மிக மோசமான ஊர்களில் ஒன்று, எழுத்துக்கு மிகச் சிறந்த ஊர்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தும் ஏன் அங்கேயே கிடந்தார்? அப்பாதான் காரணம். தாமஸ் ஸ்டீவன்சனுக்கு வயதாகி, மனமும் தடுமாற ஆரம்பித்திருந்தது. ஒரே பிள்ளை. எவ்வளவோ சண்டை போட்டிருந்தாலும் ரயிலில் போய்ச் சேரும் தூரத்துக்கு அப்பால் போக மனசு வரவில்லை. 1887 மே மாதம் அப்பா இறந்தார். மகன் எடின்பரோ போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அந்தக் குளிரில் இவருக்கும் உடம்பு படுத்துவிட, அப்பாவின் இறுதி ஊர்வலத்தில்கூட நடக்க முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் பிறந்த ஊரை விட்டுக் கிளம்பியவர் பிறகு அங்கே திரும்பவே இல்லை.

டாக்டராக இருந்த அம்மாவின் சகோதரர், சீதோஷ்ணத்தையே முழுசாக மாற்றியாக வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அவர் முன்வைத்த இரண்டு தேர்வுகளில் ஒன்று அமெரிக்காவின் கொலராடோ. இன்னொன்று எது தெரியுமா? இந்தியாவின் ஏதாவது ஒரு மலைவாசஸ்தலம்! ஊட்டியோ சிம்லாவோ, அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் கதையே வேறு.

கப்பலில் கிடைத்த பதில்

கொலராடோவை நினைத்து 1887 ஆகஸ்டில் கிளம்பினார்கள். விதவையான அம்மாவும் கூடவே. அவர்கள் ஏறிய ‘லட்கேட் ஹில்’ கப்பலில் குதிரைகள், குரங்குகள் எல்லாம் சரக்காக வந்தன. நாற்றமும் ஆட்டமும் தாங்காமல் மற்றவர்கள் சுருண்டு கிடக்க, வருடக்கணக்காகப் படுத்தே இருந்த நோயாளி மட்டும் மேல்தளத்தில் உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இத்தனை ஊர்கள் தராததை ஒரு நாற்றமடிக்கும் கப்பல் தந்தது. ஆனால் அந்தத் துப்பை அவர் உடனே பிடித்துக்கொள்ளவில்லை.

நியூயார்க்கில் இறங்கியதும் திட்டம் மாறியது. கொலராடோ தூரம், உயரம் வேறு. பதிலாக நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியில் சரனாக் லேக். அங்கே சானடோரியம் நடத்திய டாக்டர் ட்ரூடோ, தானே காசநோயோடு அந்த மலைக்கு வந்து பிழைத்தவர். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போகும் குளிர், எருமைத்தோல் கோட்டு, உறைந்துபோகும் சமையலறை. உடம்பு ஓரளவு தேறியது. சொல்லப்போனால் அவருக்கு இருந்தது காசநோய்தானா என்பதே இன்றுவரை விவாதம். மூச்சுக்குழாய் விரிவடையும் வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஃபேனி அந்தக் குளிர் தாங்காமல் அடிக்கடி வெளியூர் போய்விட்டார். அப்படிப் போனவர்தான் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தந்தி அடித்தார். ‘காஸ்கோ’ என்ற பாய்மரப் படகு வாடகைக்குக் கிடைக்கிறது!

அப்பா விட்டுப்போன பணத்தில் 2,000 பவுண்டை ஸ்டீவன்சன் இதற்காக ஒதுக்கினார். பயணி பாதி வழியிலேயே இறந்துவிடலாம் என்று நினைத்து, கடலில் அடக்கம் செய்யத் தேவையானதையும் கேப்டன் எடுத்து வைத்திருந்தாராம். 1888 ஜூன் 28-ல் கிளம்பிய படகு ஒரு மாதத்தில் மார்க்கெசஸ் தீவுகளை அடைந்தது. இறந்துபோவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் வெறுங்காலோடு கரையில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார். டஹிட்டியில் ஒருமுறை மறுபடி படுத்தார், தேறினார். 1889 ஜனவரியில் ஹவாய். ஐந்து மாதம் கழித்து ஒரு வியாபாரக் கப்பலில் கில்பர்ட் தீவுகள். டிசம்பரில் சமோவா.

ஏன் சமோவா?

அவர் பார்த்த தீவுகளில் சமோவாதான் ரொம்ப அழகு என்று சொல்லிவிட முடியாது. மார்க்கெசஸ் மலைகளும் டஹிட்டியின் விருந்தோம்பலும் அவரை இன்னும் அதிகமாக மயக்கியிருந்தன. ஆனால் அங்கெல்லாம் தபால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஹவாய் ஏற்கெனவே நகரமாகிவிட்டது. சமோவாவின் அபியா துறைமுகத்தைத் தொட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் சிட்னிக்கும் இடையே மாதாமாதம் தபால் கப்பல் போய்வந்தது. கையெழுத்துப் பிரதி போகும், செக் வரும். முன்னால் தபாலை மனசுல வெச்சுக்கோங்கன்னு சொன்னேனே, அது இதுக்குத்தான். பெரிய குடும்பத்துக்குச் சோறு போடும் ஒரே கை அவருடையது. அபியாவிலிருந்து சுமார் 3 மைல் உள்ளே, மலைச்சரிவில், 600 அடி உயரத்தில் 300 ஏக்கருக்கு மேல் காட்டு நிலம் வாங்கினார். பெயர் வைலிமா.

அப்போதும் அது ஒதுங்க ஒரு இடம் என்றுதான் எண்ணம். ஸ்காட்லாந்து போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வரலாம் என்று 1890 பிப்ரவரியில் சிட்னிக்குக் கப்பல் ஏறினார். போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே காய்ச்சல், இருமல், ரத்தம். ஃபேனி துறைமுகத்தில் அலைந்து, தீவுகளுக்குப் போகும் ‘ஜேனட் நிக்கல்’ என்ற கப்பலில் இடம் பிடித்து அவரை ஏற்றினார். கடலுக்குள் போனதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அத்தோடு முடிவு தெரிந்துவிட்டது. வெப்பக் கடலை விட்டு வெளியே போனால் சாவு. எடின்பரோ இனி கிடையாது. நண்பர்களுக்கு அதைக் கடிதத்தில்தான் சொல்ல முடிந்தது. அந்த நண்பர்களில் பலரை அவர் மறுபடி பார்க்கவில்லை.

1890 கடைசியில் வைலிமாவில் வாழ்க்கை தொடங்கியது. போர்ன்மவுத்தில் மாடிப்படி இறங்க முடியாத மனிதர் இங்கே குதிரை ஓட்டினார், காட்டுக்கொடி வெட்டினார், விடியும் முன்பே எழுந்து எழுதினார். ஃபேனி மண்ணில் இறங்கிக் காய்கறியும் கோகோவும் பயிரிட்டார். அம்மா எடின்பரோ வீட்டுச் சாமான்களோடு வந்து சேர்ந்தார். வீட்டில் கணப்பு அடுப்பும் கட்டினார்கள். சமோவாவின் வெக்கைக்குக் கணப்பு எதற்கு? ஸ்காட்லாந்துக்காரன் வீட்டில் அது இல்லாமல் எப்படி?

சொர்க்கம் என்று நினைத்துவிடாதீங்க. அந்த வீட்டுச் செலவு அவரை விடாமல் எழுத வைத்தது. கை விரல்கள் பிடித்துக்கொள்ள, ஃபேனியின் மகள் பெல்லிடம் சொல்லிச் சொல்லி எழுதவேண்டி வந்தது. ஃபேனிக்கு 1893-ல் மனநலம் மோசமாகப் பாதிக்கப்பட்டு, மெல்ல மீண்டார். தீவிலோ ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் மூக்கை நுழைத்த அரசியல். ஸ்டீவன்சன் ஒதுங்கி இருக்கவில்லை. மதாஃபா என்ற தலைவரின் பக்கம் நின்று, வல்லரசுகளின் நடத்தையைக் கண்டித்துப் புத்தகமே எழுதினார். தோற்றுச் சிறையில் கிடந்த தலைவர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோனார். விடுதலையானதும் அவர்கள் செய்த கைம்மாறு, 1894-ல் தங்கள் கையாலேயே வைலிமாவுக்கு ஒரு சாலை வெட்டிக்கொடுத்தது. உடம்புக்காக வந்த ஊரில் அவர் நோயாளியாக மட்டும் இருந்துவிடவில்லை.

அதே வருடம் டிசம்பர் 3. காலையில் ‘வியர் ஆஃப் ஹெர்மிஸ்டன்’ நாவலின் வேலை. கதை நடப்பது முழுக்க ஸ்காட்லாந்தில். சாயங்காலம் வராந்தாவில் ஃபேனியோடு சாலட்டுக்கு மயோனைஸ் கலக்கிக்கொண்டிருந்தவர், தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூளையில் ரத்தக்கசிவு. சில மணி நேரத்தில் உயிர் போனது. 17 வருடம் ஊர் ஊராகத் துரத்திய நுரையீரல் கடைசியில் அவரைக் கொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வையா மலை உச்சியில் புதைக்கப்பட வேண்டும் என்பது அவர் ஆசை. பாதையே இல்லாத செங்குத்துக் காடு அது. சமோவா மக்கள் கூடிக் காட்டை வெட்டி வழி போட்டு, மறுநாள் தோளில் சுமந்து ஏறினார்கள். அம்மா மார்கரெட் எடின்பரோ திரும்பி 1897-ல் அங்கேயே இறந்தார். ஃபேனி வைலிமாவை விற்றுவிட்டு கலிஃபோர்னியா போய் 1914-ல் காலமானார். மறு வருடம் மகள் பெல், அம்மாவின் சாம்பலைக் கப்பலில் எடுத்துவந்து அந்த மலையில் ஸ்டீவன்சனின் பக்கத்திலேயே வைத்தார்.